திரையில் மருத்துவர், தொட்டுப் பார்ப்பது யார்?

மருத்துவரின் அறைக்குள் போனால் அங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன. அவர் கேட்கிறார், நாம் சொல்கிறோம். அது ஒன்று. அவர் தொடுகிறார்: நாடி பிடிக்கிறார், ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து மூச்சை இழுத்துவிடச் சொல்கிறார், கீழ் இமையை இழுத்து ரத்தசோகை பார்க்கிறார், வயிற்றை அமுக்கி "இங்க வலிக்குதா?" என்கிறார். அது இன்னொன்று. வீடியோ அழைப்பில் முதல் வேலை ஏறக்குறைய குறையில்லாமல் நடக்கும். இரண்டாவது வேலை நடக்காது. இந்தத் தடவை அந்த இரண்டாவது வேலை தேவையா, தேவையென்றால் மருத்துவருக்குப் பதிலாக அதை யார் செய்யப்போகிறார்கள் என்பதை அழைப்பை எடுப்பதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும். இணையவழி ஆலோசனை பலித்த இடங்களிலெல்லாம் நோயாளியின் பக்கத்தில் ஒரு கை இருந்திருக்கிறது, அல்லது கைக்கு வேலையே இல்லாத நோயாக இருந்திருக்கிறது. சறுக்கிய இடங்களில் இந்த இரண்டும் இருந்ததில்லை. இந்த அத்தியாயம் சொல்லவருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான ஆதாரமும் விளக்கமும்.

தொடாமல் நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, இணையம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், இதற்கு ஒரு பதில் கிடைத்தது. 1975-இல் ஹாம்ப்டன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெளிநோயாளிகளாக முதல்முறை வந்த 80 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய பரிந்துரைக் கடிதத்தைப் படித்துவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுமுடித்ததும் மருத்துவர் என்ன நோய் என்று நினைத்தார் என்பதைப் பதிவுசெய்தார்கள். பிறகு உடல் பரிசோதனை, அதன் பிறகு ரத்தப் பரிசோதனை முதலியவை. கடைசியில் உறுதியான நோயோடு ஒப்பிட்டபோது, 80 பேரில் 66 பேருக்குக் கடிதமும் பேச்சும் மட்டுமே சரியான விடையைத் தந்திருந்தன. தொட்டுப் பார்த்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு. ஆய்வகச் சோதனையால் மாறியது இன்னும் 7 பேருக்கு. பிற்காலத்தில் நடந்த இதுபோன்ற ஆய்வுகளும் பேச்சுக்கே பெரும்பங்கைக் கொடுத்தன. மருத்துவக் கல்லூரிகளில் "நோயாளி சொல்வதைக் கேள், விடையை அவரே சொல்லிவிடுவார்" என்று மூத்த பேராசிரியர்கள் ஓயாமல் சொல்லிவருவது வெறும் உபதேசம் அல்ல என்று தெரிகிறது.

ஆனால் இந்த எண்களைத் தூக்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் கைபேசியே போதும் என்று கிளம்புகிறவர்கள் மீதி 14 பேரை மறந்துவிடுகிறார்கள். அதோடு, ஹாம்ப்டன் பார்த்தவர்கள் ஏற்கெனவே ஒரு மருத்துவர் பார்த்து, கடிதம் எழுதி அனுப்பிய நோயாளிகள். அவசரமாகத் தூக்கிவரப்பட்டவர்கள் அல்ல. இதையே வீடியோவுக்குப் பொருத்திப் பார்த்த ஆய்வு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நடந்தது. 2020 மார்ச் முதல் ஜூன் வரை புதிய உபாதைக்காக வீடியோவில் மருத்துவரைப் பார்த்து, 90 நாட்களுக்குள் அதே துறையில் நேரிலும் பார்த்த 2,393 பேரின் பதிவுகளை ஒப்பிட்டார்கள். இரண்டு முடிவுகளும் ஒத்துப்போனது 86.9 சதவீதம். இந்தச் சராசரியைவிட அதற்குள் இருக்கும் ஏற்ற இறக்கம்தான் நமக்குப் பாடம். மனநலத்தில் 96 சதவீதம் ஒத்துப்போயிற்று. காது மூக்கு தொண்டையில் 77.3-க்கு இறங்கியது. காரணம் வெளிப்படை. மனநல மருத்துவரின் கருவி பேச்சு. காதுக்குள் கருவியை விட்டு எட்டிப் பார்க்காமல் காதுவலிக்குக் காரணம் சொல்ல முடியாது. காதுவலியால் அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வீடியோ அழைப்பில் உட்காருவது, பெரும்பாலும், நேரில் போவதற்கு முன்னால் ஒரு கட்டணம் கட்டுவதுதான்.

அழைப்பே செய்யக்கூடாத நேரங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வாய் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு பக்கக் கை கால் இழுத்துக்கொள்ளுதல், மூச்சுத்திணறல், வலிப்பு, பாம்புக்கடி, நிற்காத ரத்தப்போக்கு, கர்ப்பிணிக்கு வயிற்றில் குழந்தையின் அசைவு குறைதல். இவற்றுக்குத் திரை உதவாது, 108 உதவும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதில் அரை மணி நேரத்தை "டாக்டர் இணைப்பில் வருகிறார், காத்திருக்கவும்" என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டு செலவழிக்கக்கூடாது. வயிற்றுவலியும் இந்தப் பக்கத்திலேயே சேர்த்தி. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வாலாக இருக்கலாம். அதை உறுதிசெய்ய வயிற்றை அமுக்கி, சட்டென்று கையை எடுத்து, அப்போது வலி கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் 'சட்டென்று' எவ்வளவு என்பது பழகிய கைக்குத்தான் தெரியும்.

இனி, கை தேவைப்பட்டும் தொலைமருத்துவம் வெற்றிபெற்ற இடங்களைப் பார்க்கலாம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்ற கிராமத்தில் 2000-ஆம் ஆண்டில் அப்பல்லோ மருத்துவமனை தொலைமருத்துவ மையம் ஒன்றைத் தொடங்கியது; இந்தியாவின் முன்னோடி முயற்சிகளில் அதுவும் ஒன்று. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டார ஊர்களில் பார்வை மையங்களை அமைத்தபோது, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு நெடுந்தூர வைஃபை இணைப்பு போடப்பட்டது. கிராமத்தில் ஒரு பயிற்சிபெற்ற பணியாளர் ஸ்லிட் லேம்ப் என்ற கருவி வழியாகக் கண்ணைச் சோதிப்பார், படம் எடுப்பார். மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்து நோயாளியோடு பேசுவார். சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் ஆலோசனை அறை, திரையில் சென்னை மனநல மருத்துவர், பக்கத்திலேயே மருந்து கொடுக்கும் இடம், கூட வரும் களப்பணியாளர். மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இசஞ்சீவனியிலும் ஒரு கிளை இப்படித்தான்: துணை சுகாதார நிலையத்தில் உள்ள செவிலியர் நோயாளியை உட்காரவைத்துப் பெரிய மருத்துவமனை மருத்துவரோடு இணைக்கிறார். இவை எல்லாவற்றிலும் கேமராவும் இணைப்பும் பாதி வேலைதான் செய்தன. மீதிப் பாதியை நோயாளி பக்கத்தில் உட்கார்ந்த ஓர் ஆள் செய்தார். செயலி நிறுவனங்களின் விளம்பரங்களில் இந்த ஆளைக் காணோம். "இரண்டே நிமிடத்தில் டாக்டர்" என்பார்கள். தொட்டுப் பார்ப்பது யார் என்று சொல்லமாட்டார்கள்.

வீட்டிலிருந்து அழைக்கும்போது அந்த ஆள் நாம்தான். எனவே அழைப்புக்கு முந்திய கால்மணி நேரம் அழைப்பைவிட முக்கியம். ரத்த அழுத்தம் பற்றிப் பேசப்போகிறோம் என்றால், மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி நம்பகமானது. காபி குடித்தோ பீடி சிகரெட் பிடித்தோ அரை மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல், பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து அளந்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளக்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கிவிட்டு அதன் கீழே பட்டையைக் கட்டுவது, நடந்துவந்த கையோடு அளப்பது எல்லாம் எண்ணை மாற்றிவிடும். ஒரே ஒரு அளவை மருத்துவரிடம் சொல்வதால் பெரிய பயன் இல்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதிவைத்த தாள் இருந்தால், அது கிளினிக்கில் பதற்றத்தோடு அளந்த ஓர் எண்ணைவிட அவருக்கு அதிகம் சொல்லும். கிளினிக்கில் 140/90 என்பது எல்லைக்கோடு என்றால் வீட்டில் 135/85 தான் எல்லைக்கோடு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக் கை மருத்துவரின் கையைவிடச் சிறந்தது.

குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் ஒரு தாயால் செய்ய முடிந்த மிகப் பயனுள்ள பரிசோதனைக்குக் கருவியே வேண்டாம். சட்டையைத் தூக்கிவிட்டு, குழந்தை அழாமல் இருக்கும்போது, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் வீடியோவை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்புவதில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் ஆகியவை அளவைக் கெடுக்கும். கறுத்த தோலுள்ள நோயாளிகளிடம் இக்கருவி ஆக்சிஜனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். நம்மில் பலருக்கு இது பொருந்தக்கூடியது. எண் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆளுக்கு மூச்சு வாங்குகிறது என்றால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

தோல் நோய்க்குப் படம் அனுப்பினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள், பாதி சரி. பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, எட்ட நின்று ஒன்றும் கிட்டப் போய் ஒன்றுமாக இரண்டு படம் எடுத்து அனுப்பினால் படர்தாமரையையும் சிரங்கையும் மருத்துவர் பெரும்பாலும் கண்டுகொள்வார். ஏற்கெனவே தடவிய களிம்பின் டியூபையும் படம் எடுத்து அனுப்புங்கள். மருந்துக்கடையில் வாங்கிய கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இங்கே சாதாரணம். அது படர்தாமரையின் உருவத்தையே மாற்றிவிடும். ஆனால் வெளிறிய ஒரு தேமல் வெறும் தேமலா, தொழுநோயின் தொடக்கமா என்பதைப் படம் சொல்லாது. அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பேனா முனையால் லேசாக அந்த இடத்தைத் தொட்டு, "எங்கே தொட்டேன், காட்டு" என்று கேட்டுப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுமாற்றம் தெரிந்தால் அவர் கண்டிப்பாக நேரில் வரச்சொல்வார். வரச்சொல்லாதவரை மாற்றிவிடுங்கள்.

இணையவழி ஆலோசனைக்குத் தோதான இடம் எது என்று கேட்டால், ஏற்கெனவே நம்மைப் பார்த்த மருத்துவரிடம், ஏற்கெனவே தெரிந்த நோய்க்காக, அடுத்த தடவை பேசுவது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு, மனநலம், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சந்தேகங்கள், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டி மாத்திரையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று கேட்பது ஆகியவற்றுக்கு, ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பேருந்து மாறி, டோக்கன் வாங்கி, மூன்று மணி நேரம் காத்திருந்து நான்கு நிமிடம் பேசிவிட்டு வருவதில் மருத்துவ லாபம் ஏதும் இல்லை. ஆனாலும் வருஷம் முழுக்க வீடியோவிலேயே ஓட்டிவிடக்கூடாது. சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் மெல்லிய நைலான் இழையை வைத்து அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும், விழித்திரையைச் சோதிப்பதும் வருஷத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி நன்றாக இருக்கிறது என்று திரையில் சிரித்துக்கொண்டே இருப்பவரின் காலில் மரத்துப்போன இடத்தில் ஆணி ஏறியிருக்கலாம்.

சட்டமும் ஏறக்குறைய இதே தர்க்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், பிரசவத்துக்குப் பின் ரத்னகிரி மருத்துவமனை ஒன்றில் மறுபடி சேர்க்கப்பட்ட பெண்ணுக்கு, மருத்துவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலேயே சிகிச்சை சொல்லி அந்தப் பெண் இறந்துபோன வழக்கில் மருத்துவருக்கு முன்ஜாமீன் தர மறுத்தது. அதன்பிறகு தொலைபேசியில் மருந்து சொல்லவே பல மருத்துவர்கள் தயங்கினார்கள். 2020 மார்ச் 25 அன்று, கொரோனா ஊரடங்கின் முதல் நாளில், தொலைமருத்துவ நடைமுறை விதிகள் வெளியாகி அந்தத் தயக்கத்துக்கு எல்லை வகுத்தன. நோயாளிக்குத் தெரிய வேண்டிய பகுதி சிறியது. பாராசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் போன்றவற்றை எந்த வழியில் பேசியும் சொல்லலாம். அதற்கு அடுத்தபடியான ஒரு பட்டியல் மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுத வேண்டுமானால் வீடியோவில் முகம் பார்த்திருக்க வேண்டும். இன்னொரு பட்டியல், அதே நோய்க்கு ஏற்கெனவே நேரில் பார்த்தவருக்கு மட்டும். மார்ஃபின் போன்ற போதை வலிநிவாரணிகளைத் திரைவழியாக எழுத முடியாது. அதே நோய்க்கு நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் பேசினால்தான் அது தொடர் ஆலோசனை. அதற்கு மேல் போனால் முதல் ஆலோசனையாகவே கணக்கு. மருத்துவர் தன் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் காட்ட வேண்டும். உங்கள் பெயரும் வயதும் கேட்காமல் மருந்து எழுதக்கூடாது. நேரில் வந்தால்தான் சொல்வேன் என்று மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அப்படி மறுப்பவர்மேல் கோபப்பட்டு ஒற்றை நட்சத்திரம் போடுவது நம் ஆட்களிடம் வளர்ந்துவரும் ஒரு கெட்ட பழக்கம். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

இணையவழி ஆலோசனைமீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் மிக வலுவானது, அது ஆன்டிபயாட்டிக்கை அள்ளிக்கொடுக்கிறது என்பது. இதை மறுக்க முடியாது. 2019-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், சளி இருமல் போன்ற சுவாசத் தொற்றோடு வந்த குழந்தைகளில், முன்பின் அறியாத இணைய மருத்துவரைப் பார்த்தவர்களில் 52 சதவீதத்தினர் ஆன்டிபயாட்டிக் பெற்றார்கள். அவசர கிளினிக்கில் 42 சதவீதம். வழக்கமான குடும்ப மருத்துவரிடம் 31 சதவீதம். தொண்டையைப் பார்க்க முடியாதவர் பாதுகாப்புக்காக ஒன்றை எழுதிவிடுகிறார். வாடிக்கையாளரும் திருப்தியாகப் போகிறார். ஆனால் இந்தப் புள்ளிவிவரம் திரையைக் குற்றம் சொல்வதைவிட அறிமுகமின்மையைத்தான் அதிகம் குற்றம் சொல்கிறது என்று எனக்குப் படுகிறது. குழந்தையைப் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் மருத்துவர் "மூணு நாள் பாருங்க, குறையலேன்னா கூட்டிட்டு வாங்க" என்று தைரியமாகச் சொல்வார். நாளை மறுபடி பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். வெறும் குறுஞ்செய்தியில் நான்கு வரி பரிமாறிவிட்டு முதல்முறையே ஆன்டிபயாட்டிக் எழுதித்தருவது மேலே சொன்ன விதிகளுக்கே வெளியில் இருக்கிறது. அப்படி வந்த சீட்டை மருந்துக்கடையில் கொடுக்காதீர்கள்.

"மூணு நாள் பாருங்க" என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்வதும் அவசியம். மழைக்காலத்துக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். டெங்குவில் முதல் மூன்று நாள் காய்ச்சல் கொதிக்கும்; பிறகு விடும். காய்ச்சல் விட்டதே என்று வீட்டார் நிம்மதியாகும் அந்த நேரத்தில்தான் ஆபத்து தொடங்கும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சுருண்டு படுத்துக்கொள்ளும் சோர்வு, சிறுநீர் குறைதல் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. இரண்டாம் நாள் வீடியோவில் பேசி, பாராசிட்டமால் மட்டும் போடுங்கள், ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது சரியான ஆலோசனைதான். ஆனால் நான்காம் நாளைப் பற்றி அந்த அழைப்பிலேயே பேசாவிட்டால் அது பாதி ஆலோசனை. எனவே அழைப்பை வைக்கும்முன் மூன்று கேள்விகளை விடாமல் கேளுங்கள்: இது என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எது தெரிந்தால் நான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? எதுவும் தெரியாவிட்டால் மறுபடி எப்போது உங்களிடம் பேச வேண்டும்? பதிலைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவசரப்படுகிற மருத்துவர்கூட இந்த மூன்றுக்கும் நின்று பதில் சொல்வார்.

போலி மருத்துவர் மாட்டினால் என்ன செய்வது என்பது அடுத்த பயம். போலிகள் தெருவிலும் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் அவர்களைப் பிடிப்பது உண்மையில் எளிது. பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ தேடினால் பெயர் வர வேண்டும். எண்ணைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்கார டாக்டர் வாட்ஸ்அப்பில் மருந்து சொல்வதும் தொலைமருத்துவ விதிகளின் பாதுகாப்புக்குள் வராது. அவை இந்திய எல்லைக்கு வெளியிலிருந்து நடக்கும் ஆலோசனைகளை வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன. அவரிடம் கேட்டு விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம். மருந்தை இங்கே பதிவான மருத்துவர் எழுதட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதுவே. நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ அவற்றை இந்த விதிகள் அனுமதிக்கவில்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்துக்கொள்ள அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

முதியவர்களுக்கும் பெண்களுக்கும் இது ஒத்துவராது என்பவர்களின் பேச்சில் உண்மை நிறைய இருக்கிறது. செயலி நிறுவனங்கள் இதைப் பேசுவதே இல்லை. கிளினிக்கில் ஒரு கதவு இருக்கிறது. கூட்டுக்குடும்பத்து முன்கட்டில், மாமியார் டி.வி. பார்க்கும் தூரத்தில் உட்கார்ந்து வெள்ளைப்படுதலைப் பற்றியோ கருத்தடை பற்றியோ எந்த மருமகள் பேசுவாள்? கைபேசி பல வீடுகளில் கணவனுடையது அல்லது மகனுடையது. அம்மாவுக்காக மகன் அழைக்கிறான். மருத்துவர் அம்மாவைக் கேட்கிறார். "நீங்க சும்மா இருங்கம்மா, நான் சொல்றேன்" என்று மகனே பதில் சொல்கிறான். ஹாம்ப்டனின் 80-இல் 66 என்ற கணக்கு நோயாளி தானே பேசினால்தான் பலிக்கும். ஆகவே பெற்றோருக்காக அழைப்பு ஏற்பாடு செய்யும் பிள்ளைகள், அது சென்னையிலிருந்தானாலும் சிங்கப்பூரிலிருந்தானாலும், இணைப்பைப் போட்டுக்கொடுத்துவிட்டு முதல் ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருங்கள். விட்டுப்போனதைக் கடைசியில் சொல்லலாம். பேச இடமில்லாத பெண்கள், முடிந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போவதே மேல். அங்கே பெண் செவிலியரிடம் தனியாகப் பேச வழியுண்டு. இணையம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாசலைத் திறந்துவிட்டது என்ற பேச்சு கேட்க இனிமையாக இருக்கலாம். வீட்டின் அமைப்பு அப்படி இல்லை.

பணவிஷயம் சுருக்கமானது. திரைவழி ஆலோசனைக்கும் நேரில் வாங்குவது போன்ற கட்டணத்தையே மருத்துவர் வாங்கலாம். ரசீது தர வேண்டும். நேரில் பார்க்கும் ஆலோசனைக்கு உங்கள் காப்பீட்டில் இடமிருந்தால் இணையவழி ஆலோசனைக்கும் அதை நீட்டிக்கும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூனில் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. எனவே ரசீதைத் தூக்கிப்போடாதீர்கள். மருந்துச் சீட்டு, ரிப்போர்ட், நீங்கள் எழுதிவைத்த அளவுகள் ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்த தடவை வேறு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் அந்தக் கோப்புதான் உங்கள் பழைய மருத்துவர்.

காசு கொடுத்துச் செயலியில் பதிவு செய்யும் முன் இலவச வழிகளையும் பார்த்துவிடுங்கள். 2020 ஏப்ரலில் தொடங்கிய இசஞ்சீவனி வெளிநோயாளர் சேவையில் வீட்டிலிருந்தே அரசு மருத்துவரோடு பேச முடியும், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்து உடல்நலச் சந்தேகங்களைக் கேட்கலாம். மனம் சரியில்லை என்றால் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம், இலவசம். ஆம்புலன்ஸுக்கு 108.